டாய் டெரியர் வளர்ப்பு: காவிரிப் பாசன ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் சின்ன நாய் வளர்க்கும் வீடுகள் கூடிவிட்டன. முன்பு பொமரேனியன் கேட்டவர்கள் இப்போது டாய் டெரியர் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது கறுப்பும் பழுப்புமான டாய் டெரியர். அதைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்த நாயைக் குளிப்பாட்டுவதும் சீவுவதும் பெரிய வேலையே இல்லை. எலியைக் கண்டால் உயிரையே விடும் நாய் இது. எலியும் எலி மருந்தும் பாம்பும் உள்ள வயல் நாட்டில் இதைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் வேலை. அதனால் அந்தப் பதில்கள் நீளமாக இருக்கும்.

டாய் டெரியர் என்பது எந்த நாய்?

ஒரே இனம் கிடையாது. இங்கிலீஷ் டாய் டெரியர், அமெரிக்காவின் டாய் மான்செஸ்டர் டெரியர், டாய் ஃபாக்ஸ் டெரியர், ரஷ்யன் டாய் என்று பல இனங்கள் இந்தப் பெயரில் அடங்கும். பட்டுப் போல முடி தொங்கும் யார்க்ஷயர் டெரியரையும் இவற்றோடு சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு.

இவற்றில் பழையது இங்கிலீஷ் டாய் டெரியர். எடை 2.7 முதல் 3.6 கிலோ வரை, தோள்பட்டை உயரம் 25 முதல் 30 செ.மீ. வரை இருக்கும். உடம்பு பளபளக்கும் கறுப்பு. முகவாய், நெஞ்சு, கால்களில் செம்பழுப்பு. காது மேல்நோக்கிக் கூர்ந்து நிற்கும். நாய்க் கண்காட்சிக்காரர்கள் அதை மெழுகுவர்த்திச் சுடர்க் காது என்பார்கள். இந்தப் பெயர் 1962இல்தான் வந்தது. இன்று இங்கிலாந்திலேயே இதன் எண்ணிக்கை குறைந்து, அருகிவரும் உள்நாட்டு இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ரஷ்யன் டாய் இதன் வழியில் வந்தது. 1917 புரட்சிக்குப் பிறகு அங்கே பணக்கார வீட்டு நாய்களுக்கு மதிப்புப் போய், இனமே அழியும் நிலைக்கு வந்தது. 1958இல் மாஸ்கோவில் பிறந்த ஒரு நீள்முடிக் குட்டியிலிருந்துதான் அதன் நீள்முடி வகை உருவானது.

நம் பக்கம் டாய் டெரியர் என்று சொல்லி விற்கப்படுபவற்றில் பல, மின்பின் எனப்படும் மினியேச்சர் பின்ஷராகவோ அதன் கலப்பாகவோ இருக்கும். அது ஜெர்மன் நாய், டெரியர் அல்ல. ஆனாலும் உடல்வாகு ஏறக்குறைய ஒன்றுதான். கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

டீகப் சைஸ் என்று ஒன்றரைக் கிலோ நாய் விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். டீகப் என்று ஓர் இனமே கிடையாது, அது விற்பனைக்காக வைத்த பெயர். குட்டியிலேயே நலிந்ததைத் தேர்ந்தெடுத்து, அதையும் இன்னொரு நலிந்த நாயையும் இணைசேர்த்துத்தான் இந்த அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் இதே மோகம் இருந்தது. டாய் டெரியரை மேலும் மேலும் சிறிதாக்கப் போய், தலை உருண்டு, கண் பிதுங்கி, உடம்பில் திராணி இல்லாத நாய்கள் பிறந்தன. பிறகு அக்கறையுள்ள வளர்ப்பவர்கள் பாடுபட்டுத்தான் அதைப் பழைய கட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பாட்டை நாம் மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். இரண்டரைக் கிலோவுக்குக் குறையாத, துறுதுறுவென்று ஓடும் தாய்நாயின் குட்டியை வாங்குங்கள்.

குணம் எப்படி?

வீட்டில் ஒருவரைத் தனக்கென்று வரித்துக்கொள்ளும். அவர் அடுப்படிக்குப் போனால் அடுப்படிக்கு வரும், கொல்லைக்குப் போனால் கொல்லைக்கு வரும். மற்றவர்களிடம் அன்பாகத்தான் இருக்கும், ஆனால் இந்த ஒட்டுதல் இருக்காது. புதியவர் வந்தால் முதலில் குரைக்கும், பிறகு தள்ளி நின்று எடைபோடும். ஓடிப்போய்த் தூக்கிக் கொஞ்சினால் பிடிக்காது. அதுவாக வந்து முகர்ந்து பார்க்கும்வரை பொறுத்தால் மடியில் ஏறிவிடும்.

புத்தி கூர்மை, பிடிவாதமும் அதே அளவு. அடித்தால் முரண்டு பிடிக்கும், அல்லது பயந்து கடிக்கும். மடிநாய் என்று நினைத்து வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மடியில் படுப்பது உண்மைதான், ஆனால் காது மட்டும் கொல்லைக் கதவைப் பார்த்தே இருக்கும்.

நிஜமாகவே எலி பிடிக்குமா?

பிடிக்கும். இந்த இனத்தை உருவாக்கியதே அதற்குத்தான். லண்டனில் பன்ஹில் ரோ தெருவில் புளூ ஆங்கர் என்றொரு மதுக்கடை இருந்தது. 1848, 1849இல் அங்கே டைனி என்ற நாயைக் குழியில் இறக்கி எலிப் பந்தயம் விட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் 200 எலியைக் கொன்றது டைனி. அதன் எடை இரண்டரைக் கிலோதான். அந்தப் பந்தயம் கொடுமையானது, இன்று யாரும் நியாயம் சொல்ல முடியாது. ஆனால் இந்த நாயின் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

எங்கள் வீட்டில் பழைய பத்தாயம் ஒன்று இன்னும் இருக்கிறது. அதன் அடியில் எலி நடமாடுவது நம் காதில் விழாது, நாய்க்கு விழுந்துவிடும். தூங்கிக்கொண்டிருந்தது எழுந்து வந்து, ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கிக்கொண்டு, இரண்டு காதையும் இடுக்குக்கு நேராக வைத்து நிற்கும். உடம்பு முழுக்க நடுக்கம், ஆனால் சத்தம் வராது. அப்போது பிஸ்கட்டை மூக்கில் வைத்தாலும் திரும்பாது. எலி வெளியே வந்ததும் பிடரியைக் கவ்வி ஒரே உதறு. எலி அடங்கிவிடும். அதைத் தின்னாது, அங்கேயே போட்டுவிட்டு மறுபடி இடுக்கை முகரப் போய்விடும்.

அப்படியானால் வயலில் விட்டு எலி பிடிக்கப் பழக்கலாமே?

தயவுசெய்து செய்யாதீர்கள். காரணங்கள் பல.

முதலாவது பெருச்சாளி. நன்றாக வளர்ந்த பெருச்சாளி ஒரு கிலோ வரை இருக்கும். மூன்று கிலோ நாய்க்கு அது எலி அல்ல, சரிக்குச் சரி எதிராளி. அதன் கடியில் நாயின் உதடும் கன்னமும் கிழிந்து சீழ் வைக்கும். ஆனாலும் நாய் பின்வாங்காது, அதுதான் வம்பு.

இரண்டாவது கிட்டி. நம் பக்கம் வயலில் எலிக்கு மூங்கில் கிட்டி வைப்பது வழக்கம். தஞ்சாவூர் கிட்டி என்று வேளாண்மைத் துறையினரும் சொல்வார்கள். சாயங்காலம் வைத்துக் காலையில் எடுப்பார்கள். எலியின் கழுத்தை நெரிக்கிற வில் நாயின் மூக்கையும் பாதத்தையும் விடாது. வரப்பில் இறக்குவதற்கு முன் பக்கத்து வயல்காரரிடம் கிட்டி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். எலிக்கும் பன்றிக்கும் திருட்டுத்தனமாக மின்கம்பி இழுப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் மனிதர்களே செத்திருக்கிறார்கள்.

மூன்றாவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் வழியாக வயல் தண்ணீரிலும் சேற்றிலும் லெப்டோஸ்பைரா கிருமி பரவும். நாய் எலியைக் கடித்தாலும் சரி, தேங்கிய தண்ணீரைக் குடித்தாலும் சரி, தொற்றிக்கொள்ளும். சிறுநீரகமும் ஈரலும் கெட்டு, கண்ணும் ஈறும் மஞ்சளாகும். நாயிடமிருந்து நமக்கும் வரும். இதற்கான தடுப்பூசி கிருமியின் எல்லா வகைகளையும் தடுக்காது. ஆனாலும் ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். நெல் நட்டு வளர்க்கும் ஊரில் இது விருப்பம்போல் போடும் ஊசி அல்ல.

வளைக்குள் தலையை நுழைத்து மாட்டிக்கொள்வதும் நடக்கும். வீட்டுக்குள், களத்தில், நம் கண்ணெதிரே எலி பிடித்தால் பிடிக்கட்டும், அது அதன் பிறவி இன்பம். வயலில் கயிறு அவிழ்க்காதீர்கள்.

வீட்டில் எலி மருந்து வைக்கிறோம். நாய்க்கு எட்டாத இடத்தில் வைத்தால் போதுமா?

போதாது. நாய்க்கு எட்டாத இடத்தில் எலி தின்னும். தின்ற எலி தள்ளாடி நடுக்கூடத்துக்கு வரும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது எவ்வளவு சுலபம் என்று டெரியருக்குத் தெரியும். டெரியர் இருக்கும் வீட்டில் மருந்தே வைக்காதீர்கள், பொறிக்கூண்டு வையுங்கள். வயலுக்கு வைத்தால் அந்த நாள்களில் நாயை வீட்டோடு கட்டிப்போடுங்கள். சம்பாவில் பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து மருந்து வைப்பார்கள். எந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எலி மருந்துகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. புரோமடையலோன் கட்டி ரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற அன்று நாய் நன்றாகவே இருக்கும். மூன்று முதல் ஐந்து நாளில் சோர்வு, வெளிறிய ஈறு, மூச்சிரைப்பு, மூக்கில் ரத்தம் என்று தொடங்கும். இதற்கு வைட்டமின் கே1 முறிமருந்து. பல வாரம் தொடர்ந்து கொடுக்க வேண்டும். "நேற்றுத் தின்றது, இன்று விளையாடுகிறது, ஒன்றும் ஆகவில்லை" என்று விட்டுவிடுவதுதான் இங்கே நாயைக் கொல்கிறது. ஜிங்க் பாஸ்பைடு கறுப்புத் தூள், பூண்டு வாடை அடிக்கும். இது வயிற்றில் நச்சு வாயுவாக மாறி, சில மணி நேரத்திலேயே ஆளை அடிக்கும். முறிமருந்து கிடையாது. நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு நமக்கும் கெடுதல், சன்னலைத் திறந்துவிடுங்கள். சாப்பாடு எதுவும் கொடுக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் உள்ள பேஸ்ட்டைத் தின்றால் பாலோ எண்ணெயோ ஊற்றவே கூடாது. கொழுப்பு சேர்ந்தால் விஷம் இன்னும் வேகமாக உடம்பில் ஏறும். பயத்தில் முதலில் பால் ஊற்றுவதுதான் நம் வீடுகளில் வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எந்த மருந்தாக இருந்தாலும் அதன் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

பாம்பைக் கண்டால் என்ன செய்யும்?

மேலே பாயும். கீரிக்கு இருக்கும் தந்திரமோ தோலோ இதற்கு இல்லை. அறுவடைக் காலத்திலும், வாய்க்காலில் தண்ணீர் வந்து வளைகள் நிறையும்போதும் பாம்பு மேட்டுக்கு, அதாவது நம் கொல்லைக்கு வரும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன் மூன்றும் நம் பக்கம் உண்டு. வைக்கோல் போரும் விறகுக் கட்டும் வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. எலி போனால் பாம்பும் போகும். ராத்திரி நாயைச் சிறுநீர் கழிக்க விடும்போது டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கயிற்றோடு கூட்டிப் போங்கள்.

கடித்துவிட்டால் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், பச்சிலை அரைத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மனிதர்களுக்குப் போடும் அதே பாம்புக்கடி முறிமருந்துதான் நாய்க்கும். மருந்தின் அளவு உடலில் ஏறிய விஷத்தைப் பொறுத்தது. நாய் சின்னது என்பதற்காக மருந்து குறையாது. எல்லா மருத்துவமனையிலும் அது இருப்பில் இருக்காது. நாய் வாங்கிய வாரமே, உங்களுக்குப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டு எண்ணைக் குறித்துவையுங்கள். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பெரிய சிகிச்சை என்றால் அங்கே போகலாம்.

கோழி, பூனை, மாடு இருக்கிற வீட்டுக்குச் சரிப்படுமா?

கோழிக்குஞ்சை நம்பி விட முடியாது. குட்டியிலிருந்து சேர்ந்து வளர்ந்த பூனையோடு ஒத்துப்போகும், அடுத்த வீட்டுப் பூனையை விரட்டும். மாட்டுக் கொட்டகைக்குள் விடாதீர்கள். எலி தேடிக்கொண்டு மாட்டின் பின்னங்காலுக்கு இடையில் போகும், ஒரு உதையில் முடிந்துவிடும்.

திண்ணையிலிருந்து குதித்துக் கால் உடைந்தது என்கிறார்களே, அவ்வளவு பலவீனமா?

எலும்பு மெல்லியது, அதுதான் உண்மை. இந்த அளவு நாய்களுக்கு முன்னங்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிவது சாதாரணமாக நடக்கிறது. அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, வெறும் கட்டுப்போட்டால் சேராமல் போகலாம், பெரும்பாலும் தகடு வைக்க வேண்டிவரும். ஒரு வயது ஆகும்வரை திண்ணை, கட்டில், ஸ்கூட்டர் முன்பலகை எதிலிருந்தும் தானாகக் குதிக்க விடாதீர்கள். திண்ணைக்குச் செங்கல் வைத்து இரண்டு படி கட்டிவிட்டால் போதும். கூடத்தில் வழவழப்பான டைல்ஸ் போட்டிருந்தால் அது ஓடும் தடத்தில் ஒரு கோரைப்பாய் விரித்துவையுங்கள்.

ஓடும்போது பின்னங்காலை இரண்டு எட்டுக்குத் தூக்கிக்கொண்டு, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடினால் முழங்கால் சில்லு நழுவுகிறது என்று அர்த்தம். சின்ன இனங்களுக்கே உரிய கோளாறு இது. லேசானது என்றால் எடை கூடாமல் பார்த்துக்கொண்டால் காலம் ஓடிவிடும், முற்றினால் அறுவை சிகிச்சை. வளரும் குட்டி ஒரு பின்னங்காலை ஊன்றாமலே வலியோடு நடந்தால் எக்ஸ்ரே எடுங்கள், இடுப்பு மூட்டுக்கு ரத்தம் போகாமல் எலும்பு சிதையும் பெர்த்தஸ் நோயாக இருக்கலாம்.

கழுத்தில் பட்டை போட்டு இழுக்க வேண்டாம். இந்த நாய்களின் மூச்சுக்குழல் மெல்லிய குருத்தெலும்பு, இழுக்க இழுக்க நசுங்கும். வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் வந்தால் அதை நினைத்துப் பாருங்கள். நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள்.

அக்னி நட்சத்திரத்தைத் தாங்குமா?

நிழலும் காற்றும் இருந்தால் தாங்கும். முடி குட்டை என்பது ஒரு அனுகூலம், கறுப்பு நிறம் வெயிலைக் குடிக்கும் என்பது பிரதிகூலம். காலை ஏழு மணிக்குள் ஒரு நடை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு நடை. தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வெயில் தஞ்சாவூரைவிடக் குறைந்திருந்தாலும் புழுக்கம் அதிகம். நாய் நாக்கை நீட்டி இளைப்பதால்தான் சூட்டைத் தணிக்கிறது, புழுக்கத்தில் அது சரியாக நடக்காது.

வாயோரம் எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச்செவேலென்று ஆகி, தள்ளாடினால் வெப்பத் தாக்கு. சாதாரண குழாய்த் தண்ணீரை உடம்பில் ஊற்றி, ஃபேனுக்கு அடியில் போட்டு, உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள். பூட்டிய காருக்குள் ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள்.

மழைக்காலத்தில், மார்கழியில்?

ஐப்பசி அடைமழையில் வெளியே போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். வயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை, நனைந்தால் நடுங்கும். கொல்லையில் கீற்றுச் சார்ப்பு ஒன்று இறக்கி, அதன் கீழ் மணல் கொட்டி அங்கேயே மலஜலம் கழிக்கப் பழக்கிவிட்டால் மழை மாதம் முழுக்க நிம்மதி. வந்ததும் விரலிடுக்கைத் துணியால் துடையுங்கள், ஈரம் நின்றால் சேற்றுப்புண் மாதிரி நாய்க்கும் வரும்.

மார்கழி விடியற்காலைக் குளிரில் பழைய வேட்டியை நான்காய் மடித்துப் போட்டால் உள்ளே புகுந்து சுருண்டுகொள்ளும். போர்வைக்குள் புகுவது இதற்குப் பிடித்த விஷயம். கட்டிலில் உட்காருவதற்கு முன் போர்வையைத் தடவிப் பாருங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் நாய்க்கும் ஒரு பை தயாராக இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட்டும் இல்லை, கடையும் இல்லை. ஒரு வாரத்துக்கான உலர் உணவு, வழக்கமான மருந்து, தடுப்பூசி அட்டை, தூக்கிச் செல்லும் கூடை. வெள்ளம் வடிந்ததும் தெருத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், எலிக்காய்ச்சல் அப்போதுதான் பரவும்.

நம் வீட்டுச் சாப்பாடே கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் நம் இலையில் இருப்பதை அல்ல. மூன்று கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி போதும். ஒரு வேகவைத்த முட்டை 70 கலோரிக்கு மேல். ஒரு மேரி பிஸ்கட் 20, 25 கலோரி. தாத்தா காப்பியோடு நாலு, பாட்டி நாலு, பேரன் ரெண்டு என்று ஆளாளுக்குப் போட்டால் வேறு எதுவும் தின்னாமலே அன்றைய கணக்கு முடிந்துவிடும். இந்த நாய்க்கு அரைக் கிலோ கூடினாலே முழங்காலுக்குச் சுமை. விலா எலும்பு கண்ணுக்குத் துருத்தாமலும் கைக்குத் தட்டுப்பட்டும் இருக்க வேண்டும்.

சோறு கொஞ்சம், உப்பில்லாமல் வேகவைத்த கோழி அல்லது முள் எடுத்த மீன், கேரட், பூசணி, வாரத்தில் சில நாள் முட்டை, ஒரு கரண்டி தயிர். இவ்வளவும் நல்லதுதான். ஆனால் வீட்டுச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து குறைந்துவிடும், அதனால் டாக்டரைக் கேட்டு ஈடுகட்ட வேண்டும். வளரும் குட்டிக்குச் சின்ன இனத்துக்கான உலர் உணவே பாதுகாப்பு. தயிர்ச்சோறு மட்டுமே போட்டு வளர்த்த டெரியர் குட்டிகளின் கால் வளைந்திருப்பதை நம் ஊரில் பார்க்கலாம்.

கூடாதவை: வெங்காயம், பூண்டு, அவை போட்ட சாம்பார், குழம்பு. திராட்சை, குறிப்பாகப் பாயசத்திலும் கேசரியிலும் இருக்கும் உலர்திராட்சை, சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட். வெந்த கோழி எலும்பு. சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் உள்ள சைலிட்டால். காய்ச்சல் என்று நினைத்து நம் பாரசிட்டமால் கொடுப்பதும் கூடவே கூடாது, மூன்று கிலோ நாய்க்கு ஒரு 500 மி.கி. மாத்திரையே விஷ அளவு.

குட்டி காலையில் திடீரென்று துவண்டு விழுந்தது. வலிப்பா?

பெரும்பாலும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கும். மூன்று நான்கு மாதக் குட்டியின் ஈரலில் சேமிப்பு குறைவு, இரவு முழுக்கப் பட்டினி கிடந்தாலோ குளிரில் நடுங்கினாலோ விளையாடிக் களைத்தாலோ சர்க்கரை சடாரென்று இறங்கும். தள்ளாட்டம், பாதி மூடிய கண், குளிர்ந்த காது. தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலால் ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், புரையேறும். துணியில் சுற்றிக் கதகதப்பாக வைத்து டாக்டரிடம் போங்கள். நாலு மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை, படுக்கப் போகும்முன் கடைசி வேளை என்று வைத்துக்கொண்டால் இது பெரும்பாலும் வராது.

தடுப்பூசி எப்போது?

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை. மூன்று மாதத்தில் ரேபிஸ். அதன்பின் டாக்டர் சொல்லும் கணக்கில் ஆண்டுதோறும். தெருநாய் கடித்தாலும் நக்கினாலும் ரேபிஸ் ஊசி போட்டாயிற்றே என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். குடற்புழு மருந்து, குட்டிக்கு மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

உண்ணிக்கு என்ன செய்வது?

எடைக்கு ஏற்ற மாத்திரையோ பிடரியில் விடும் சொட்டு மருந்தோ டாக்டரிடம் வாங்குங்கள். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்து, மண்ணெண்ணெய், கற்பூரம் கரைத்த எண்ணெய் எதையும் இந்தச் சின்ன உடம்பில் பூசாதீர்கள், விஷமாகும். உண்ணி நாயில் மட்டும் இல்லை, சுவர் விரிசலிலும் கட்டில் காலிலும் முட்டையிடும், அங்கேயும் பார்க்க வேண்டும். சாப்பிடாமல் படுத்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். எலி மருந்துக்கும் இதே அறிகுறி உண்டு, ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஊகத்தில் மருந்து கொடுக்க வேண்டாம்.

குளியல், பல்?

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு குளியல், நாய் ஷாம்புவில். தினம் சோப்புப் போட்டால் தோல் வறண்டு சொறியும். யார்க்ஷயர் என்றால் மட்டும் தினமும் சீவ வேண்டும்.

பல்தான் இவற்றின் பலவீனம். சின்ன வாய்க்குள் நெருக்கியடித்து முளைக்கும். ஏழு மாதத்தில் வாயைத் திறந்து பாருங்கள். புதுக் கோரைப்பல் பக்கத்திலேயே பழைய பால்பல்லும் நின்றால் எடுத்துவிட வேண்டும். நாய்ப் பற்பசையால் தினம் ஒரு தடவை தேய்க்கப் பழக்குங்கள். நம் பற்பசை வேண்டாம்.

ஓயாமல் குரைக்கிறது. ஒட்டுச்சுவர் வீடு, பக்கத்து வீட்டார் கோபப்படுகிறார்கள்.

டெரியர் குரைக்கத்தான் செய்யும், ஆனால் ஓயாத குரைப்புக்குப் பெரும்பாலும் காரணம் வேலையின்மை. காலையில் அரைமணி நடை, மாலையில் அரைமணி விளையாட்டு. கடலை உருண்டை அளவு பந்து வேண்டாம், விழுங்கிவிடும். துணிக்குள் தீனியைச் சுருட்டிப் பத்தாயத்துக்கு அடியிலோ மூலையிலோ ஒளித்துவைத்துத் தேடச் சொல்லுங்கள். மூக்குக்கு வேலை கொடுத்தால் வாய் தானாக ஓயும். அது இரண்டு முறை குரைத்ததும் போய்ப் பாருங்கள், "சரி, பார்த்துட்டேன்" என்று சொல்லுங்கள், நிறுத்தியதும் ஒரு துண்டு தீனி. அதட்டினால் நீங்களும் சேர்ந்து குரைப்பதாக நினைத்துக்கொள்ளும்.

கட்டாயம் கற்றுக்கொடுக்க வேண்டிய சொற்கள் இரண்டு. "வா", "விடு". வாயில் இருப்பதை விடச் சொன்னால் விடும் நாய், எலி மருந்துக் கட்டியையும் விடும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகுமா?

ஐந்தாறு வயதுக்குக் கீழ் என்றால் கொஞ்சம் பொறுங்கள். நாய் கடிக்கும் என்பதைவிடப் பிள்ளை தூக்கிக் கீழே போட்டுவிடும் என்பதுதான் பயம். பெரிய பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்துதான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அது தூங்கும் கூடையிலும் தின்னும் தட்டிலும் கை வைக்கக் கூடாது.

எங்கே வாங்குவது?

சந்தையிலோ, செல்போனில் படம் அனுப்பிப் பேருந்தில் ஏற்றிவிடுபவரிடமோ வேண்டாம். எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்பது விதிப்படி தவறு. டாய் இனம் என்றால் பத்து வாரம் தாயோடு இருப்பது இன்னும் நல்லது. நேரில் போய்த் தாய்நாயைப் பாருங்கள். அது நடப்பதையும் பாருங்கள், முழங்கால் தெரியும். இந்திய கெனல் கிளப் சான்றிதழ் இருக்கிறது என்றால் அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். வயலுக்கும் தோப்புக்கும் காவல் வேண்டும் என்பவர் கோம்பை, ராஜபாளையம் பக்கம் போங்கள், அந்த வேலைக்கு இது ஆகாது.

பெண்நாய், குட்டி எடுக்கலாமா?

நான் யோசித்துச் செய்யச் சொல்வேன். சினை 63 நாள். குட்டி ஒன்றிரண்டுதான் இருக்கும். எண்ணிக்கை குறைந்தால் குட்டியின் தலை பெருக்கும், சிசேரியன் வரை போகும். நள்ளிரவில் அறுவை செய்ய டாக்டர் கிடைப்பாரா என்று முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். ஈன்ற பிறகு முதல் மூன்று நான்கு வாரத்தில் தாய் நடுங்கி, விறைத்து, மூச்சிரைத்தால் ரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து பாலுக்குப் போய்க் குறைந்துவிட்டது என்று பொருள். குட்டிகளைப் பாலிலிருந்து பிரித்துவிட்டு உடனே தாயைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், ரத்தக்குழாயில் மெதுவாகக் கால்சியம் ஏற்ற வேண்டும். சினைக் காலத்தில் நாமாகக் கால்சியம் டானிக் ஊற்றினால் இந்த ஆபத்து கூடுமே தவிரக் குறையாது. குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை செய்துவிடுங்கள். கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் பயமும் அதோடு போகும்.

எத்தனை வருடம் இருக்கும்?

நன்றாகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு, பதினாலு வருடம். எட்டு வயதுக்கு மேல் ஆண்டுக்கு இரண்டு முறை இதயத்தையும் பல்லையும் காட்டுங்கள். ராத்திரியில் இருமினாலோ, மாடிப்படி ஏறத் தயங்கினாலோ வயசாகிவிட்டது என்று விடாதீர்கள், இதய வால்வு தளர்ந்திருக்கலாம், மாத்திரையில் பல காலம் ஓட்டலாம். பார்வை மங்கினால் கட்டிலையும் பத்தாயத்தையும் இடம் மாற்றாமல் வையுங்கள், மூக்கை வைத்தே வீடு முழுக்க நடந்துகொள்ளும்.